பலகை வேலியில் தோன்றிய சித்திரப் பள்ளி

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல்நலம் பேண வேண்டும் என்னும் கருத்தில் அதைச் சொல்வார்கள். ஆனால், சிறுவர் ஓவியக் கல்வியின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தால், அப்பழமொழி சொல்லுக்குச் சொல் உண்மையாகிப்போன ஓர் ஊரைக் காண்கிறோம். அங்கே இருந்தது சுவரன்று, பலகை வேலி; அவ்வளவே வேறுபாடு. அவ்வேலியைப் பற்றிச் சொல்லுமுன், இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளி விழாவையொட்டி, வரும் கோடை விடுமுறையில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பத்து நாள் சித்திர வகுப்பு நடத்தலாம் என்று நம் கழக இளைஞர்கள் செயற்குழுவில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுங்கள் தம்பி. படம் போட்டு என்ன ஆகப்போகிறது? கைவேலையிலிருந்து தப்பிக்கத்தானே நம் அப்பன் பாட்டன் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அது சிரிக்கத்தக்க கேள்வியும் அன்று.

அப்பெரியவர் எதை நினைத்துக் கேட்டார் என்பது எனக்கு விளங்கிற்று. 1953ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையில் இருந்த சென்னை மாகாண அரசு, தொடக்கப்பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தச்சன் மகன் உளி பிடிப்பான். நம் பிள்ளை எதைப் பிடிப்பான் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதை எதிர்த்தது. காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது. அந்தச் சூட்டைக் கண்ட தலைமுறை, 'கை' என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சுவது இயல்பு. ஆயினும் குலத்தொழில் வேறு, சித்திரம் வேறு. குலத்தொழில், பிள்ளை இன்னது ஆவான் என்பதை அவன் பிறக்குமுன்பே முடிவு செய்துவிடுகிறது. வெள்ளைத் தாளோ, அடுத்த கோடு எங்கே போகும் என்பதை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுகிறது.

இப்படி விட்டுவிடும் வழக்கம் பள்ளிகளில் தொன்றுதொட்டு இருந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் பள்ளிகளில் ஓவியம் என்றால் பார்த்து எழுதுவது என்றே பொருள். ஐரோப்பாவிலும் அப்படியே. கரும்பலகையில் புள்ளி வைத்துக் கோடு இணைப்பார்கள். கன சதுரம், கூம்பு, குவளை ஆகியவற்றை அச்சுப் பிசகாமல் வரையச் சொல்வார்கள். ஆலைகளுக்கு வடிவம் வரைந்துதரும் கைகள் வேண்டியிருந்த காலம் அது. நம் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் ஓவியப்பள்ளி தொடங்கினார். அதன் பின்னர் இங்கு வளர்ந்த ஓவியத் தேர்வு முறையும் இவ்வழிப்பட்டதே. லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று நம் ஓவிய ஆசிரியர்கள் எழுதித் தேறிய தேர்வுகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. பலருக்கு அவை சோறு போட்டன. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை என்ன வரைய விரும்புகிறது என்று அவை கேட்டதில்லை.

ஓவிய வகுப்பு எனக்கு எப்படி இருந்தது என்றும் சிலர் கேட்பீர்கள். நான் படித்த தொடக்கப்பள்ளியில் வாரத்திற்கு ஒரு பாடவேளை ஓவியத்திற்கு உண்டு. அந்த மணி அடித்ததும், எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேரை மட்டும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார்கள். கணக்கு வகுப்பில் அனுப்பினால் தேர்ச்சி குறையும், கேள்வி வரும். ஓவியத்திற்குக் கேள்வி இல்லை. நாங்கள் வாளியோடு திரும்பி வரும்போது மற்றவர்களுடைய தாள்களில் மாம்பழம் முடிந்திருக்கும். பெரிய கொடுமை என்று அன்று தோன்றவில்லை. இன்றுவரை எனக்கு ஒரு மாம்பழம் ஒழுங்காக வரைய வராது என்பதை மட்டும் சொல்லி, வேலிக்கு வருகிறேன்.

பிரான்ஸ் சிசெக் என்பவர் 1865இல் பொகீமியாவில், லைட்மெரிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இன்றைய செக் நாட்டில் உள்ள ஊர் அது. இருபது வயதில் ஓவியம் பயில வியன்னா சென்றார். அவர் குடியிருந்த வீட்டுப் பிள்ளைகள் அவருடைய தூரிகையையும் வண்ணத்தையும் கேட்டு நச்சரித்தார்கள், அவரும் கொடுத்தார். அவர் அறைச் சன்னலுக்கு எதிரே நீண்ட பலகை வேலி ஒன்று இருந்தது. தெருச் சிறுவர்கள் அதில் சுண்ணக்கட்டியால் கிறுக்குவார்கள். வேலியில் இடம் பிடிக்க அவ்வளவு போட்டி. பெரிய பையன்கள் சிறியவர்களைத் துரத்திவிட்டுத் தாங்கள் வரைவார்களாம். ஆசிரியர் இல்லை, மதிப்பெண் இல்லை, பரிசு இல்லை. ஆயினும் அடித்துக்கொண்டு வரைகிறார்கள். பள்ளிக்குள்ளே அதே பிள்ளைகள் புள்ளிகளை இணைக்கச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். இந்த வேறுபாடு சிசெக்கைச் சிந்திக்க வைத்தது.

1897இல் அவர் சிறுவர்க்கென ஒரு கலை வகுப்பைத் தொடங்கினார். பின்னர் அது அரசின் கலைத்தொழிற் பள்ளியோடு இணைக்கப்பட்டது. வார நாள்களில் பள்ளி, வார இறுதியில் இந்த வகுப்பு. கட்டணம் கிடையாது. பதினான்கு வயதுவரை யாரும் வரலாம். தாளும் வண்ணமும் மட்டுமன்றி, களிமண், வண்ணக் காகிதம், கத்தரிக்கோல், மர அச்சு, பூந்தையல் எல்லாம் அங்கே இருந்தன. பிள்ளை தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். ஆசிரியரின் வேலை மூடியைத் திறந்துவிடுவதே என்பது அவருடைய கொள்கை. 'சிறுவர் ஓவியம்' என்று தனியே ஒன்று உண்டு, அது பெரியவர்களின் ஓவியத்தில் குறைபட்ட பாதியன்று என்ற எண்ணத்தை உலகில் வேரூன்றச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அவரிடம் குறையே இல்லை என்று சொன்னால் அது வரலாறாகாது. எதையும் திணிப்பதில்லை என்றார் அவர். ஆனால் அவ்வகுப்பிலிருந்து வெளிவந்த படங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பலவும் ஒரே குடும்பச் சாயலில் அழகாக இருப்பதைக் கண்டு ஐயுற்றார்கள். சொல்லாமலும் திணிக்கலாம். ஆசிரியர் எந்தப் படத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறார் என்பதைப் பிள்ளை கவனித்துக்கொண்டேதான் இருக்கும். இதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா பட்டினியில் கிடந்தது. பிரான்செஸ்கா வில்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி அங்கே துயர் துடைப்புப் பணிக்குச் சென்றவர். சிசெக்கின் வகுப்பைக் கண்டு வியந்து, அப்படங்களை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று, 1920 முதல் ஊர் ஊராகக் காட்சி நடத்தினார். அக்காட்சியால் குழந்தைகள் நல நிதிக்குப் பணம் சேர்ந்தது. படம் போட்டு என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஒரு விடை இது: வியன்னாவின் பசித்த பிள்ளைகளுக்காக வியன்னாவின் பிள்ளைகளே வரைந்து ஈட்டினார்கள். ஆனால் இதைவிடப் பெரிய விடை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

பிரீடல் டிக்கர் 1898இல் வியன்னாவில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். தந்தை எழுதுபொருள் கடை ஒன்றில் ஊழியர். ஆதலால் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் தாளும் சுண்ணக்கட்டியும் கைக்கு எட்டின. கலைத்தொழிற் பள்ளியில் சிசெக்கிடம் பயின்றார். பிறகு யோகன்னஸ் இட்டன் என்ற ஆசிரியரிடம் பயின்று, அவரைத் தொடர்ந்து 1919இல் செருமனியின் வைமார் நகரில் புதிதாகத் தோன்றிய பௌஹௌஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். மீண்டும் வியன்னா வந்து, மரச்சாமான் வடிவமைப்பிலும் நெசவிலும் பெயர் பெற்றார். தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் இருந்த மழலையர் பள்ளிக்கு அவரும் நண்பர் ஒருவரும் அமைத்துக் கொடுத்த நாற்காலி மேசைகள் பெரிதும் பேசப்பட்டன. 1934இல் இடதுசாரி அரசியலில் ஈடுபட்டமைக்காகச் சிறை சென்றார். வெளிவந்ததும் பிராக் நகருக்குப் போனார். அங்கே, இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். 1936இல் பாவெல் பிராண்டைஸ் என்பவரை மணந்தார்.

1942 டிசம்பரில் கணவனும் மனைவியும் தெரேசின் என்ற இடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோட்டை நகரம் அது. 1941 இறுதி முதல் நாசிகள் அதை யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக மாற்றியிருந்தனர். அங்கிருந்து கிழக்கே கொலை முகாம்களுக்கு இரயில்கள் புறப்படும். ஒருவர் 50 கிலோ வரை பொருள் கொண்டுவரலாம் என்பது விதி. எல்லாரும் போர்வையும் பாத்திரமும் உணவும் கட்டினார்கள். பிரீடல் தம் மூட்டையில் தாளும் வண்ணமும் கட்டினார். இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று: சிசெக் பிறந்த லைட்மெரிட்ஸ் ஊரிலிருந்து இந்தக் கோட்டை சுமார் 3 கிலோமீட்டர் தொலைவே. சிசெக் அப்போதும் வியன்னாவில் உயிரோடிருந்தார், 1946இல்தான் மறைந்தார்.

தெரேசினில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தடை இருந்தது. கணக்கு கூடாது, வரலாறு கூடாது. பாட்டு, கைவேலை, சித்திரம் ஆகியவற்றுக்கு மட்டும் இசைவு உண்டு. இதால் என்ன நேர்ந்துவிடப் போகிறது என்று சிறைக் காவலர் எண்ணியிருப்பர். எனக்கு என் வாளி நினைவுக்கு வருகிறது. அங்கேயும் ஓவியத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. ஆனால் கேள்வி இல்லாத அந்த இடத்தைப் பிரீடல் பள்ளியாக்கிவிட்டார்.

எல் 410 என்று எண்ணிட்ட சிறுமியர் விடுதியில் அவர் வாழ்ந்தார். மூன்றடுக்குக் கட்டில்களால் நிறைந்த அறைகள். கொண்டுவந்த தாள் எத்தனை நாள் வரும்? அலுவலகங்களில் தூக்கியெறிந்த படிவங்களின் பின்புறம், பொட்டலம் கட்டிய தாள், கிழிந்த அட்டை, நூல் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். அச்சிட்ட படிவங்களைக் கிழித்து ஒட்டி, மலையும் வீடும் கடலும் ஆக்கினார்கள் பிள்ளைகள். ஓட்டுப்படம் என்னும் அம்முறையில் அமைந்த அழகிய படங்கள் பல இன்றும் உள்ளன. உற்றுப் பார்த்தால் கடலலையின் நடுவே படிவத்தின் அச்செழுத்துகளும் கோடுகளும் தெரியும். படுக்கை விரிப்புகளுக்குச் சாயமேற்றி நாடகத்துக்குக் காடு செய்ததும் உண்டு.

வகுப்பைத் தொடங்கும்போது கைகளைத் தளர்த்தும் பயிற்சி இருக்கும். ஆசிரியர் மேசையில் தாளம் தட்டுவார். பிள்ளைகள் அத்தாளத்துக்கு ஏற்பக் கோடும் வட்டமும் சுழியும் இழுப்பார்கள். படம் ஒன்றும் வராது. கையில் இருந்த அச்சம் போகும். இட்டனிடம் கற்ற முறை இது. பிறகு கதை ஒன்று சொல்வார். கதையில் இரண்டு முறை வந்த பொருள்களை மட்டும் வரையச் சொல்வார். காதும் நினைவும் கையும் ஒருங்கே உழைக்கும் விளையாட்டு. சில நாள் பழைய ஓவியர்களின் படங்களைக் காட்டி, அவற்றின் வெளிச்சமும் நிழலும் எங்கே விழுகின்றன என்பதை மட்டும் கிழித்த தாளால் ஒட்டிக் காட்டச் சொல்வார்.

என்ன வரைந்தார்கள் அப்பிள்ளைகள்? பூக்கள், பட்டாம்பூச்சி, விட்டுவந்த வீட்டின் சமையலறை, மேசையைச் சுற்றி அமர்ந்த குடும்பம். அடுக்குக் கட்டிலையும் சோற்றுக்கு நிற்கும் வரிசையையும் வரைந்தவர்களும் உண்டு. இதை வரை, அதை வரையாதே என்று பிரீடல் சொல்லவில்லை. 1943இல் விடுதிக் கீழறையில் பிள்ளைகளின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். சக ஆசிரியர்களுக்குச் சிறுவர் ஓவியம் பற்றி ஓர் உரையும் நிகழ்த்தினார். அது எழுத்தில் கிடைத்திருக்கிறது. எல்லாப் பிள்ளையையும் ஓவியராக்குவது நோக்கமன்று என்பதும், பெரியவர்கள் தம் வழியை அவசரப்பட்டுப் பிள்ளைமீது சுமத்தினால் அப்பிள்ளை எத்தகையது என்பதையே அறியாமற் போய்விடுவோம் என்பதும் அவ்வுரையின் சாரம்.

ஒன்றில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒவ்வொரு தாளிலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும். பெயரோடு, பலர் வயதையும் அறை எண்ணையும் எழுதினார்கள். எல்லாருக்கும் எண் கொடுத்துப் பட்டியலிட்டு, எண்ணாகவே இரயிலில் ஏற்றிய இடம் அது. அங்கே வாரந்தோறும் ஒரு சிறுமி தாளின் மூலையில் தன் முழுப் பெயரையும் எழுதினாள் என்பதன் பொருளை, எண்ணாலும் இழிசொல்லாலும் அழைக்கப்பட்ட வரலாறு உடைய நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1944 செப்டம்பர் இறுதியில் பாவெல் பிராண்டைஸ் இரயிலேற்றப்பட்டார். கணவரைத் தொடர்ந்து செல்லப் பிரீடல் தாமே பெயர் கொடுத்தார். அக்டோபர் 6ஆம் நாள் புறப்பட்ட இரயிலில் அவருடன் அவருடைய மாணவிகளும் இருந்தார்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் அக்டோபர் 9ஆம் நாள் கொல்லப்பட்டார். பாவெல் உயிர் பிழைத்தார். புறப்படுமுன் பிள்ளைகளின் படங்கள் இரண்டு பெட்டிகளில் வைத்து மறைக்கப்பட்டிருந்தன. சுமார் 4,500 படங்கள். போர் முடிந்தபின், 1945இல், அச்சிறுமியர் விடுதியின் பொறுப்பாளராயிருந்த வில்லி குரோக் அவற்றைப் பிராக் நகர யூதச் சமுதாய நிலையத்தில் ஒப்படைத்தார். இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. சில படங்கள் பின்காஸ் வழிபாட்டுக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டனர். ஆயினும் மூலையில் பெயர் இருந்தமையால், ஆய்வாளர்கள் இரயில் பட்டியல்களோடு ஒப்பிட்டு, இந்தப் பூவை வரைந்தவள் இன்னாள், இன்ன நாளில் பிறந்தவள் என்று சொல்ல முடிகிறது. அப்பிள்ளைகளுள் பலர் இவ்வுலகில் விட்டுச்சென்ற ஒரே பொருள் அத்தாள்தான்.

பிராக் நகரில் அகதிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தபோது பிரீடலுக்குத் துணை நின்றவர் எடித் கிராமர் என்ற இளம்பெண். அவர் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று, 1950களில் நியூயார்க் மாநிலத்தில் வில்ட்விக் என்ற சிறுவர் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின ஏழைச் சிறுவர்கள். முரடர்கள், திருந்தாதவர்கள் என்று பிற இடங்களில் தள்ளப்பட்டவர்கள். அவ்வனுபவத்தைக் கொண்டு 1958இல் அவர் எழுதிய நூல், ஓவியத்தால் உள்ளத்தை ஆற்றும் துறைக்கு அடிப்படை நூல்களில் ஒன்றாயிற்று. வியன்னா வேலியில் தொடங்கியது அட்லாண்டிக் கடலைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தது.

இளைஞர்களே, இனி உங்கள் பத்து நாளுக்கு வருவோம். செலவைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அடுப்புக்கரி, செங்கல் துண்டு, மஞ்சள், சுண்ணாம்பு, ஆவாரம்பூ, பீட்ரூட் சாறு இவை நம் தெருவில் கிடைக்காதவை அல்ல. வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து சாயத்தில் தோய்த்து ஒற்றினால் பூ விழும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அரை நாளுக்கு அதை விடமாட்டார்கள். பழைய நாளிதழ், திருமண அழைப்பிதழ், தேர்தல் சுவரொட்டியின் பின்புறம், என் பள்ளியில் கழித்த படிவங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். மைதாப் பசை காய்ச்சினால் ஓட்டுப்படம் செய்யலாம். தாளத்துக்குக் கோடு இழுக்கும் பயிற்சிக்குப் பறை இசைக்கத் தெரிந்த தம்பிகள் இருவர் கழகத்தில் இருக்கிறார்கள். சாவுக்கு அடி என்று அதிகாரத்தால் சுமத்தியபோது அதை உதறினோம். நம் பிள்ளைகள் கோடு இழுப்பதற்கு நாமே விரும்பி அடிப்பது வேறு. பெரியவருக்கு இதில் மறுப்பிருந்தால் மேசையைத் தட்டினாலும் போதும்.

கரும்பலகையில் மாம்பழத்தை வரைந்து, இதைப் பார்த்து எழுது என்று மட்டும் சொல்லாதீர்கள். பரிசுப் போட்டியும் வேண்டா என்பது என் கருத்து. 1949இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தில்லியில் தொடங்கிய சிறுவர் ஓவியப் போட்டியால் உலகப் பிள்ளைகளின் படங்கள் நம் நாட்டுக்கு வந்தன, நல்லதே. ஆனால் பத்தே நாள் வகுப்பில் முதற்பரிசு ஒருவனுக்குப் போனால் மற்ற முப்பது பேர் பதினோராம் நாள் கரியைத் தொடமாட்டார்கள். கடைசி நாள் எல்லாப் படங்களையும் கழகக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அந்தப் பெரியவரைத் திறந்துவைக்க அழையுங்கள். அவருடைய பேத்தி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் பிள்ளை தன் கையாலேயே பெயர், வயது, தேதி எழுதட்டும். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, பெயரை எழுதிக் காட்டினால், அதையும் ஒரு படமாகவே வரைந்துவிடும். காட்சி முடிந்தபின் படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டா. ஆளுக்கொன்று வாங்கி வையுங்கள். கழக அலுவலகத்தில் பழைய கணக்குப் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டி ஒன்று காலியாக இருக்கிறது. வேப்பிலை போட்டு வைத்தால் பூச்சி வராது. சாவி செயலாளரிடம் உள்ளது.